வீட்டுக்காரம்மாவின் மைக்ரோவேவ்

1

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் சமையலறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை.

நான் இருந்தேன். என் மனைவி செல்வி இருந்தாள். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்குக் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டுதான் ஐந்து வருடத்துக்கு முன்னால் நானும் அயர்லாந்து வந்து சேர்ந்தேன். மகள் அபி இருந்தாள். பதினான்கு வயது, இரண்டு காதிலும் பாட்டு மாட்டியிருந்ததால் அரை ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்த செல்போனுக்குள் தூத்துக்குடியிலிருந்து ராசையா அண்ணாச்சி இருந்தார். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மிக்ஸி, கிரைண்டர், டேபிள் பேன் எல்லாம் ரிப்பேர் பார்க்கிற கடை அவருடையது. ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். அவர் தோளுக்குப் பின்னால், ரிப்பேருக்குக் கொடுத்த மிக்ஸியை வாங்க வந்த வேம்பார் ஊர்க்கார அக்கா ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. மொத்தம் ஐந்து பேர், அபியை அரையாக்கினால் நாலரை.

இத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு மைக்ரோவேவ் ஓவனை. அதற்குள் ஒரு கிண்ணம் அயிலை மீன் குழம்பு ஆறு நிமிடமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மணி அடித்தது. செல்வி கிண்ணத்தை வெளியே எடுத்து விரலை விட்டுப் பார்த்தாள்.

“பச்சப்புள்ளையக் குளிப்பாட்டுத தண்ணி பதத்துக்கு இருக்கு” என்றாள்.

2

இதில் என்ன பெரிய விஷயம், அடுப்பில் வைத்துச் சூடு பண்ணிச் சாப்பிட வேண்டியதுதானே என்று ஊரில் இருப்பவர்கள் கேட்பீர்கள். செல்வியும் அதைத்தான் கேட்டாள். ஓவன் எங்களுடையதாக இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அது வீட்டுக்காரம்மாவுடையது.

இங்கே வாடகை வீடு சாமான்களோடு சேர்ந்து வரும். கட்டில் மூன்று, சோபா ஒன்று, பிரிட்ஜ் ஒன்று, கரண்டி ஏழு, முட்கரண்டி ஆறு என்று பட்டியல் போட்டு, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அந்த முட்கரண்டிகளை நான் மாதம் ஒருமுறை எண்ணுகிறேன். நாங்கள் யாரும் அதில் சாப்பிடுவதில்லை. இருந்தாலும் எண்ணுகிறேன்.

வீட்டுக்காரம்மாவின் பெயர் நோரீன். அறுபது வயது இருக்கும். நல்ல மனுஷி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அந்த நல்ல மனுஷியிடமிருந்து வெள்ளிக்கிழமை ஒரு மின்னஞ்சல் வந்தது. அடுத்த சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்து வீட்டை ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறேன், வருகிற வருடத்தைப் பற்றியும் பேசிவிடலாம் என்று அதில் இருந்தது. ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. ‘பேசிவிடலாம்’ என்ற இடத்தை அபியிடம் நான்கு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நான்கு முறையும் அது ‘பேசிவிடலாம்’ என்றேதான் இருந்தது.

ஐந்து வருடத்தில் இது மூன்றாவது வீடு. முதல் வீட்டை உடைமைக்காரர் விற்றுவிட்டார். இரண்டாவது வீட்டுக்கு அதன் உடைமைக்காரருடைய தம்பி குடிவந்துவிட்டார். காலியாக இருக்கும் ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள், எல்லோர் கையிலும் ஒரு பைல், எல்லோர் முகத்திலும் ஒரே சிரிப்பு. வீடு மாறினால் அபிக்குப் பள்ளிக்கூடமும் மாறும். இன்னொரு பள்ளிக்கூடம் என்றால் நான் போகமாட்டேன் என்று அவள் இங்கிலீஷில் சொல்லிவிட்டாள். அவள் கோபத்தைத் தமிழில் சொன்னால் பேசிச் சரிக்கட்டலாம். இங்கிலீஷில் சொன்னால் முடிவே எடுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

இந்த நேரத்தில்தான் ஓவன் இப்படி. இரண்டு மாதமாகவே அது சோர்ந்துபோயிருந்தது. ஒன்றரை நிமிடத்தில் சூடான சோறு மூன்று நிமிடம் கேட்டது, பிறகு நான்கு, பிறகு ஆறு. நாங்களும் மாற்றி மாற்றி அழுத்திப் பழகிவிட்டோம். என் சந்தேகமெல்லாம் என்மேல்தான். அது சோர்ந்த அதே வாரத்தில், செல்வி வேலைக்குப் போயிருந்தபோது, நான் அதில் நெத்திலிக் கருவாட்டைச் சூடு பண்ணியிருந்தேன். வாடை போக இரண்டு நாள் ஆனது. வாடையோடு சூடும் போய்விட்டது என்று நினைத்தேன்.

அவர் வந்து பார்த்துக் கண்டுபிடிப்பதற்கு முன் நாமே சொல்லிவிடுவது மரியாதை. நான் அபியை உட்காரவைத்து, தமிழில் ஒரு பக்கத்துக்குச் சொன்னேன். நலம் விசாரித்து, கருவாட்டை ஒப்புக்கொண்டு, வாடைக்கு வருத்தம் தெரிவித்து, ரிப்பேர் செலவு எவ்வளவானாலும் தருகிறோம், எங்களை வெளியேற்ற வேண்டாம் என்று முடித்தேன். அபி பத்து விநாடி தட்டினாள்.

“முடிஞ்சுது.”

“ஒரு பக்கம் சொன்னேனேம்மா?”

“சாட்டர்டே இஸ் ஃபைன், தேங்க்ஸ்னு போட்டாச்சு.”

“கருவாடு?”

“அப்பா, நோபடி கேர்ஸ்.”

3

அதனால்தான் ராசையா அண்ணாச்சியை போனில் பிடித்தேன். சனிக்கிழமைக்குள் சத்தமில்லாமல் சரிபண்ணிவிட வேண்டும் என்பது திட்டம்.

“ஏலே சுடலை, மொதல்ல ஒரு கப்பு பச்சத்தண்ணி வை” என்றார் அண்ணாச்சி. “ரெண்டு நிமிசம் ஓட்டு. கொழம்பு பேச்செல்லாம் கேக்காத. ஒண்ணு கெட்டியா இருக்கும், ஒண்ணு எண்ணெயா இருக்கும். தண்ணிதான் ஒழுங்காச் சொல்லும்.”

தண்ணீரை வைத்தோம். இரண்டு நிமிடத்தில் அது கொதிக்கப் பார்க்க வேண்டுமாம். செல்வி விரலை விட்டாள், அபியும் விட்டாள், நான் விட்டேன். யாரும் விரலை உதறவில்லை.

“பவரு எம்புட்டு வச்சிருக்க? கொறைச்சுகிறைச்சு வச்சிருக்கியா?”

அபி ஒரு காதைக் கழற்றிவிட்டு எழுந்து வந்து இரண்டு பொத்தான்களை அழுத்திப் பார்த்தாள். முழு பவரில்தான் இருந்தது. காதை மாட்டிக்கொண்டு திரும்பிப் போனாள்.

“உள்ள வலதுபக்கம் ஒரு அட்டை மாதிரி இருக்கும் பாரு, மைக்கா. அதுல கொழம்பு தெறிச்சுக் கரிஞ்சு கெடக்கா?”

“தினமும் தொடைக்கேன் அண்ணாச்சி. பஞ்ச வச்சு.”

“ஒம் பிள்ளையக்கூட இப்படித் தொடச்சிருக்க மாட்டியே நீ.”

“தொடைக்கல” என்றாள் செல்வி.

கதவு சரியாக மூடுகிறதா, விளக்கு எரிகிறதா, தட்டு சுற்றுகிறதா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாம் சரியாகவே இருந்தன. பின்னாலிருந்து வேம்பார் அக்கா, “அண்ணாச்சி, எனக்கு அஞ்சே முக்காலுக்கு பஸ்சு. மிக்ஸியக் குடுத்துட்டு அயர்லாந்தப் பாருங்க” என்றார்.

“இரும்மா, வெளிநாட்டுக் கேசு ஓடுது.”

“அப்ப உள்ள சாமான் ஏதாச்சும் போயிருக்கும். கழட்டிப் பாத்திரட்டுமா?” என்று கேட்டேன். என் கையில் ஏற்கெனவே ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. அது அண்ணாச்சி கண்ணில் பட்டுவிட்டது.

“ஏலே! அதக் கீழ போடுலே! ஓவன் மூடியக் கழட்டுனா, பிளக்க உருவிப் போட்டிருந்தாலும் அடிக்கும். உள்ள கெப்பாசிட்டர்ல கரண்டு குடியிருக்கும். ஆளத் தூக்கிட்டுத்தான் மறுவேல பாக்கும்.”

ஸ்க்ரூ டிரைவரை இழுப்பறைக்குள் வைத்து மூடினேன். இழுப்பறையை விட்டும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன்.

“தம்பி, கண்ணு பட்டிருக்கும்” என்றார் வேம்பார் அக்கா. “உப்பும் மொளகாயும் எடுத்துச் சுத்திப் போட்டுட்டு, அதையே உள்ள வச்சு ஓட்டுங்க.”

“சும்மா இரும்மா. அங்க கரண்டு எப்படிலே? வோல்டேஜு?”

இந்தக் கேள்வியை இந்த நாட்டில் யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. தூத்துக்குடியில் எங்கள் தெருவில் தினமும் நடக்கிற பேச்சு இதுதான். தெருக்கோடியில், கடலுக்குப் போகிற படகுகளுக்கு ஐஸ் போடுகிற பேக்டரி இருந்தது. நாலு மணிக்கு அங்கே மோட்டார் போடுவார்கள். டியூப்லைட் கண்ணடித்துவிட்டு அணையும். பேனில் இறக்கை எத்தனை என்று எண்ணலாம். மிக்ஸி தொண்டை கட்டியவர் மாதிரி முனகும். அதனால் நாலு மணிக்கு முன்னால் அரைத்துவிட வேண்டும் என்று மூன்றரைக்கே தெருவில் எல்லா வீட்டிலும் மிக்ஸி ஓடும். எல்லா வீட்டிலும் ஓடுவதால் மூன்றரைக்கும் வோல்டேஜ் இறங்கிவிடும். எங்கள் ஊர்க் கடைகளில் பிரிட்ஜ் வாங்கினால், வேண்டுமா என்று கேட்கவே மாட்டார்கள், ஒரு ஸ்டெபிலைசரையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள்.

“இங்கன வோல்டேஜு எறங்குறதே இல்ல அண்ணாச்சி. கல்லு மாதிரி நிக்கும்” என்றேன், ஏதோ நானே உற்பத்தி பண்ணுவது போல.

4

“அப்ப சத்தத்தக் கேக்கணும்” என்றார் அண்ணாச்சி. “செல்போன ஓவன் பக்கத்துல கொண்டு போ. யாரும் பேசக் கூடாது.”

பிடித்தேன். செல்வி பிரிட்ஜில் சாய்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தூத்துக்குடியில் கடை வாசலில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. “அவன் வேற” என்று வேம்பார் அக்கா அதட்டுவது கேட்டது. ஓவன் ஓட ஆரம்பித்தது. உர்ரென்று ஒரு சத்தம். அதற்கு நடுவில் ‘டக்’. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ‘டக்’.

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நிறுத்து. திரும்ப ஓட்டு.”

உர்ர். டக்.

“ஏலே, இது ஓவன் சத்தம் இல்ல. இது என் சத்தம்லா!”

“ஒங்க சத்தமா?”

“நான் மாத்திக் குடுத்த ரிலே சுவிட்சு. இந்த டக்க எங்கன கேட்டாலும் சொல்லிருவேன். உண்மையச் சொல்லு. அந்த ஸ்டெபிலைசர அங்கயுமா கொண்டு போயிருக்க?”

நான் மெதுவாக அரிசி வாளியை நகர்த்தினேன். அதற்குப் பின்னால், பச்சை விளக்கு எரிய, அது உட்கார்ந்திருந்தது. முன்னால் ஒரு அடாப்டர், பின்னால் ஒரு அடாப்டர்.

“அது இன்டர்நெட் டப்பா இல்லியா?” என்றாள் செல்வி. இரண்டு மாதமாக அதைத் தூசி துடைத்து வைத்திருக்கிறாள்.

அது வந்த கதையைச் சொல்ல வேண்டும். ஊரைவிட்டுக் கிளம்பும்போது இடுப்பில் கட்டுகிற இரண்டு சாரத்துக்கு நடுவில் சுற்றி நான்தான் பெட்டியில் வைத்தேன். இங்கே விமான நிலையத்தில் அதிகாரி அதை வெளியே எடுத்து, இது என்ன என்று கேட்டார். “வோல்டேஜ்” என்றேன். மறுபடி கேட்டார். “சேஃப்டி” என்றேன். அவர் இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டார். அப்போது ஒன்பது வயது அபி முன்னால் போய், எங்கள் அப்பாவுக்குக் கரண்ட் என்றால் பயம் என்று இங்கிலீஷில் சொன்னாள். இருவரும் சிரித்துப் பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டார்கள்.

அன்று முதல் குடியிருந்த எல்லா வீட்டிலும் அது செல்வி கண்ணில் படாமல், பிரிட்ஜின் முதுகுக்குப் பின்னால் காவல் இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் பழைய பிரிட்ஜ் வயதாகிப் போய், நோரீன் அம்மா புதிதாக ஒன்று அனுப்பினார். கொண்டு வந்தவர்கள் ஸ்டெபிலைசரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, புது பிரிட்ஜுக்குள்ளேயே அது உண்டு என்று நேராகச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார்கள். அது சும்மா கிடப்பதைப் பார்க்க எனக்கு மனம் கேட்கவில்லை. வீட்டுக்காரம்மா சாமானில் இன்னும் பாதுகாப்பு இல்லாமல் இருந்தது ஓவன் மட்டும்தான். மாட்டிவிட்டேன். சொன்னால் செல்வி சிரிப்பாள் என்று சொல்லவில்லை.

இரண்டும் ஒரே வாரம். அப்படியிருந்தும் எனக்குச் சந்தேகம் கருவாட்டின் மேல்தான் போனது. எங்கள் பக்கம் ஒரு சாமான் கெட்டால் சாமானைச் சந்தேகப்படுவோம், ஒயரை, கம்பத்தை, பக்கத்து வீட்டு மோட்டாரைச் சந்தேகப்படுவோம். ஸ்டெபிலைசரைச் சந்தேகப்பட்டதாக ஆளே கிடையாது.

“இங்கன நூத்தி எழுவது வரும், இது தூக்கி விடும்” என்று அண்ணாச்சி விளக்கினார். “அங்க இருநூத்தி நாப்பது வருது. அம்புட்டுக் கரண்ட இது பொறந்ததுலேருந்து பாத்ததில்ல. என்னமோ ஏதோன்னு பயந்து, கொறைச்சுக் கொறைச்சு விடுது. ஓவன் வேற வெறிகொண்டு இழுக்கும். இது தாங்க முடியாம முக்குது. தொட்டுப் பாரு, சுடுதா?”

தொட்டேன். கையை உதறினேன்.

“அப்ப கொழம்ப அதுமேல வைக்கச் சொல்லுங்க அண்ணாச்சி” என்றார் வேம்பார் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள், அண்ணாச்சியைத் தவிர. “சிரிக்காதிய. பிரிட்ஜுக்கு உள்ளதக் கொண்டுபோய் ஓவனுக்கு மாட்டியிருக்கான். ஒயர் உருகித் தீப்பிடிச்சிருந்தா வீடே போயிருக்கும்லே. அப்ப வீட்டுக்காரிக்கு என்ன பதில் சொல்லுவ?”

பிளக்கை உருவி ஓவனை நேராகச் சுவரில் மாட்டினோம். தண்ணீரை வைத்தோம். இரண்டு நிமிடம் ஆகும் முன்பே கொப்புளம் விட்டது. தூத்துக்குடியில் வேம்பார் அக்கா கைதட்டினார். தட்டிய கையோடு கடிகாரத்தைப் பார்த்தார்.

“எம் பஸ்சு போச்சே! தம்பி, ஒங்க ஓவனால அஞ்சே முக்கால் போச்சு. இருக்கட்டும், ஆறரைக்கு ஒண்ணு உண்டு.”

5

செல்வி என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ஆறிப்போன ஸ்டெபிலைசரை மடியில் வைத்துக்கொண்டு, “இத ஏன் எங்கிட்ட சொல்லல நீங்க?” என்று மட்டும் கேட்டாள். எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஹார்பருக்குப் போகிற ரோட்டில் எங்கள் அப்பாவுக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. லாரி டிரைவர்களுக்குக் குளிர்ந்த கலர் சோடா விற்கலாம் என்று ஒரு பிரிட்ஜ் வாங்கினார். ஸ்டெபிலைசரை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். ஒரு மத்தியானம் கரண்ட் போய், திரும்பி வரும்போது முழு வேகத்தில் வந்தது. ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அவ்வளவுதான். அப்பா பிரிட்ஜ் கதவைத் திறந்து, குளிர் இன்னும் இருக்கிறதா என்று பாட்டில்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அந்த ஜூனில் கடையில் வேலைக்கு இருந்தவரை நிறுத்திவிட்டார், அவர் இடத்தில் நான் நின்றேன். ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் வாங்கவில்லை.

பிற்பாடு நான் ஹார்பரில் கண்டெய்னருக்குக் கயிறு கட்டும் வேலைக்குப் போய், என் சம்பளத்தில் முதலில் வாங்கிய சாமான் இந்த ஸ்டெபிலைசர்தான். அதில் மாட்டுவதற்கு அப்போது எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை.

6

சனிக்கிழமை வந்தது. செல்விக்கு வேலை. முட்கரண்டி ஆறும் இருந்தன. பதினோரு மணிக்கு நோரீன் அம்மா குடையோடும், அட்டையில் சொருகிய ஒரு தாளோடும் வந்தார். நானும் அபியும் வரவேற்றோம்.

வந்தவருக்கு ஒன்றும் கொடுக்காமல் இருக்க முடியாது. உடன்குடியிலிருந்து செல்வியின் தங்கை அனுப்பிய முந்திரிக்கொத்து டப்பாவில் இருந்தது. பயற்றம்மாவையும் கருப்பட்டியையும் உருட்டி, மாவில் தோய்த்துப் பொரித்த பண்டம். இங்குள்ள குளிருக்கு அது கல்லாகிவிடும். நான்கை எடுத்து ஓவன் தட்டில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து நோரீன் அம்மா குளியலறைச் சுவரின் ஈரத்தைப் பற்றி என்னமோ கேட்டார். காதை அவர் பக்கம் கொடுத்துவிட்டேன். கை, இரண்டு மாதமாகப் பழகியபடி, தானாக ஆறு நிமிடம் அழுத்திவிட்டது.

ஓவனோ இப்போது முழுக் கரண்டில் இருக்கிறது.

குளியலறையில் நாங்கள் மூவரும் ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே கருப்பட்டி கருகும் வாடை வந்தது. நான் ஓடுவதற்குள் புகை கூரைக்கு ஏறி, அங்கிருந்த அலாரம் அலற ஆரம்பித்துவிட்டது. பிளக்கை உருவினேன். கதவைத் திறந்தேன். உள்ளே நான்கு கரித்துண்டுகள் சிவந்துகொண்டிருந்தன. ஒரு மக் தண்ணீரை எடுத்து ஊற்றினேன். ‘டப்’ என்று கண்ணாடித் தட்டு இரண்டாகப் போனது.

நோரீன் அம்மா பின்கதவைத் திறந்துவிட்டு, அந்த அட்டையாலேயே புகையை வெளியே விசிறினார். அலாரம் நின்றது. அந்த அமைதியில் நான் பேச ஆரம்பித்தேன். இங்கிலீஷ் ஒரு வார்த்தைகூட வரவில்லை. எல்லாவற்றையும் தமிழிலேயே சொன்னேன்: கருவாடு, ஸ்டெபிலைசர், விமான நிலையம், ஐஸ் பேக்டரி, எங்கள் அப்பா, அபியின் பள்ளிக்கூடம். ஐந்து நிமிடம் இருக்கும். முடித்துவிட்டு அபியைப் பார்த்தேன். அவள் ஒரே ஒரு சின்ன வாக்கியம் சொன்னாள்.

நோரீன் அம்மா என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துத் தாளில் முதல் வரியில் ஒரு கோடு இழுத்தார்.

“என்னம்மா எழுதுதாங்க?”

“ஸ்மோக் அலாரம் ஒர்க் ஆகுதுன்னு டிக் போடுறாங்க. எப்பவும் நாற்காலில ஏறிக் குச்சியால குத்திப் பாக்கணுமாம். இன்னைக்கு வேல மிச்சமாம்.”

“நான் இவ்வளவு சொன்னேனே, நீ என்ன சொன்ன?”

“அப்பாவுக்கு இந்த வீட்ட விட்டுப் போகப் பயம்னு சொன்னேன்.” உடைந்த தட்டில் ஒரு பாதியைக் கையில் எடுத்தாள். “எனக்கும்னு சேத்துச் சொன்னேன்.”

அவள் காதில் அன்று ஒன்றும் மாட்டியிருக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

வருகிற வருடத்தைப் பற்றி அவர் பேச வந்தது ஜன்னல். கோடையில் எல்லா ஜன்னலையும் மாற்றப் போகிறாராம், ஆட்கள் வரும்போது பகலில் வீட்டில் யாராவது இருப்பீர்களா என்று கேட்க வந்தாராம். நான் இருப்பேன் என்றேன். எந்த நாள் என்று அவர் சொல்வதற்கு முன்பே சொன்னேன். சூடு பண்ணாத முந்திரிக்கொத்து ஒன்றைக் கடித்துப் பார்த்து, இப்படியே நன்றாகத்தானே இருக்கிறது என்று இன்னும் இரண்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார்.

கிளம்பும் முன் செல்போனிலேயே அந்த ஓவனுக்கு ஒரு புதுத் தட்டுக்குச் சொல்லி, பணத்தையும் கட்டிவிட்டார். நான் பர்சை எடுத்தேன். கையை ஆட்டி என்னமோ சொன்னார்.

“அடுத்த மாச வாடகையோட சேத்து அனுப்பினாப் போதுமாம்” என்றாள் அபி.

“அடுத்த மாசம்னா சொன்னாங்க?”

“ஆமாப்பா.”

“இன்னொரு வாட்டி கேளு.”

அபி கேட்டாள். நோரீன் அம்மா என் முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, எனக்கே புரியும்படி அதையே மறுபடி சொன்னார்.

செவ்வாய்க்கிழமை தட்டு வந்துவிட்டது. வியாழக்கிழமை புது ஒப்பந்தம் வந்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு அனுப்பியாயிற்று. ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதுவரை அந்தத் தட்டுக்காக நான் அவருக்குத் தர வேண்டிய பாக்கி பதினெட்டு யூரோ ஐம்பது சென்ட்.